மூக்கண்டப்பள்ளியில் ஒரு அடக்கம்

சானமாவு காட்டோரத்தில் பஸ் நின்று வெகுநேரம் ஆகிவிட்டது. யானைக் கூட்டம் சாலையைக் கடக்கப்போகிறது என்று வனத்துறை ஆட்கள் இரண்டு பக்கமும் வண்டிகளை மறித்திருந்தார்கள். மற்ற பயணிகள் கீழே இறங்கி, செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி காட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேகலா மட்டும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. மடியில் ஆராதனை முறைப் புத்தகம் திறந்து கிடந்தது. அடக்க ஆராதனைப் பக்கத்தை நாலைந்து தரம் படித்துவிட்டாள். ஒரு வரியும் தலைக்குள் ஏறவில்லை.

போன் அடித்தது. சபைச் செயலாளர் ஜீவரத்தினம்.

"எங்க இருக்கீங்க சிஸ்டர்?"

"சானமாவுல பஸ்ஸை நிறுத்தி வெச்சிருக்காங்க ஐயா. யானை."

"சரி, வந்து சேருங்க. பாஸ்டர் ஷில்லாங் போற பிளைட்ல இருக்காரு, போன் கிடைக்காது. மேகலாவே நடத்தட்டும்னு சொல்லிட்டுத்தான் ஏறினாரு. மூணு மணிக்கு ஆராதனை, முடிச்ச கையோட கல்லறைத் தோட்டம். பயப்படாதீங்க, நான் பக்கத்துலயே இருக்கேன்."

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். அவர் பக்கத்திலேயே இருப்பார் என்பதுதான் மேகலாவுக்குப் பயமாக இருந்தது.

ராயக்கோட்டை சாலையில் உள்ள இறையியல் கல்லூரியில் அவள் போதகர் படிப்பான எம்.டிவ். கடைசி வருஷ மாணவி. கிரேக்கமும் எபிரேயமும் சபை வரலாறும் எழுதித் தேறியாயிற்று. மிச்சம் இருந்தது களப்பயிற்சி. கடைசி வருஷம் முழுக்க ஒரு சபையில் போதகருக்குக் கீழே வேலை பழக வேண்டும். அந்தச் சபை நல்லபடியாகச் சொன்னால்தான் பட்டம், பட்டம் வந்தால்தான் ஊழியம். மேகலாவுக்கு வாய்த்தது மூக்கண்டப்பள்ளியில் தகரக் கூரை போட்ட ஒரு சபை. சிப்காட் கம்பெனிகளில் ஷிப்ட் பார்க்கிறவர்கள்தான் அங்கே அதிகம். சாமல்பட்டிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் கோவிந்தப்பனின் மகள், அதுவும் கல்லூரி நாட்களில் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்ட பெண், பிரசங்க மேடையில் நிற்பதை ஜீவரத்தினம் முதலில் அவ்வளவாக விரும்பவில்லை. போகப் போகப் பழகிக்கொண்டார். ஆனாலும் மதிப்பீடு எழுதப்போவது அவர்தான்.

இறந்துபோனவர் மோகன்குமார். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர், கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் வேலை. முந்தின நாள் பகல் ஷிப்ட் முடிந்து வந்து, நெஞ்சு வலிக்கிறது என்று மனைவி லாவண்யாவிடம் சொன்னார். ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ நிற்பதற்குள் உயிர் போய்விட்டது. வயது முப்பத்து நாலு.

அவரை அடக்கம் செய்யப் பயப்படவில்லை மேகலா. அவளுடைய பயமெல்லாம், மோகன்குமாரைப் பற்றி அந்தச் சபையில் வேறு யாருக்கும் தெரியாத ஒன்று தனக்குத் தெரியும் என்பதுதான்.

மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. அப்பமும் திராட்சரசமும் கொடுக்கத் தொடங்கும் நேரத்தில் மோகன்குமார் மெல்ல எழுந்து வெளியே போய்விடுவார். அவர் ஷிப்டுக்கு ஓடுகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஒரு ஞாயிறு மேகலா தற்செயலாக வெளியே வந்தபோது, அவர் வேப்பமரத்தடியில் பைக் மேல் சும்மா உட்கார்ந்திருந்தார். ஏன் என்று கேட்டாள். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"சிஸ்டர், ஒண்ணு சொன்னா மனசுக்குள்ளயே வச்சுக்கிடுவீங்களா?"

"சொல்லுங்கண்ணா."

"நான் இன்னும் ஞானஸ்நானம் எடுக்கல. சென்னையில இருக்கும்போதே எடுத்துட்டேன்னு லாவண்யா வீட்ல சொல்லித்தான் கல்யாணம் பண்ணுனேன். அவளுக்கும் தெரியாது."

அவருடைய அம்மா தங்கமணி அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாளாம். நீ எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் கும்பிடு, தண்ணியில முங்கிட்டா நீ எனக்குக் கொள்ளி வைக்க மாட்டே, நான் போறவரைக்கும் பொறுத்துக்கோ என்றாளாம். அவரும் அவள் கையில் அடித்துச் சத்தியம் பண்ணிவிட்டார்.

"விசுவாசத்துல எனக்குக் குறை இல்ல சிஸ்டர். ஆனா அம்மாவுக்குக் குடுத்த வாக்கை மீறவும் முடியல, ஞானஸ்நானம் இல்லாம அப்பத்தைக் கையில வாங்கவும் முடியல. அதான் வெளிய வந்துருதேன்."

லாவண்யாவிடம் சொல்லிவிடுங்கள் என்று மேகலா சொன்னாள். சொல்லணும், சொல்லணும் என்றார். அவ்வளவுதான். மேகலா அதைப் போதகரிடமும் சொல்லவில்லை. ஒருவர் நம்பிச் சொன்னதை மூன்றாவது ஆளுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று வகுப்பில் படித்திருந்தாள்.

யானைகள் கடந்துவிட்டன போலிருக்கிறது. பஸ் உறுமிக்கொண்டு கிளம்பியது.

அவள் போய்ச் சேர்ந்தபோது மோகன்குமார் வீட்டுச் சந்தில் சாமியானா போட்டிருந்தார்கள். வரிசை வீடுகளில் நடு வீடு. முன்னறையில் குளிர்ப்பெட்டிக்குள் மோகன்குமார் கிடந்தார். கம்பெனி ஆட்கள் சீருடையோடு வந்து மாலை வைத்துவிட்டுப் போனார்கள். சபைப் பெண்கள் மெல்லிய குரலில் பாடிக்கொண்டிருந்தார்கள். லாவண்யா பெட்டியின் மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்த முகம். மேகலா பக்கத்தில் உட்கார்ந்ததும், "மூணு மணிக்குத்தானே சிஸ்டர்?" என்று மட்டும் கேட்டாள். மேகலா தலையாட்டினாள்.

மதியம் சந்து முனையில் வேன் வந்து நின்றது. ஒரு பெண்ணின் ஒப்பாரி தெருவையே கலக்கியது. தங்கமணியை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். பின்னால் மோகன்குமாரின் அப்பா கருப்பசாமி, தோளில் துண்டோடு வந்தார். தங்கமணி பெட்டியின் மேல் விழுந்து கண்ணாடியைத் தடவினாள். லாவண்யா எழுந்து சுவரோரம் ஒதுங்கி நின்றாள். கல்யாணத்துக்குப் பிறகு மாமியாரை அவள் பார்ப்பது அதுதான் இரண்டாவது தடவை.

அழுகை சற்று அடங்கியதும் கருப்பசாமி வெளியே வந்து ஜீவரத்தினத்திடம் கையெடுத்துக் கும்பிட்டார்.

"எம்மகனை ஊருக்குக் கொண்டுபோறோம்யா. ஆம்புலன்ஸ் சொல்லியாச்சு."

"அது எப்படிங்க முடியும்? அவர் எங்க சபையில இருந்தவரு. கிறிஸ்தவ முறைப்படி அடக்கம் பண்ணணும். எல்லா ஏற்பாடும் ஆயிட்டுது. உங்க துக்கம் எங்களுக்குப் புரியுது."

"எங்க மண்ணுல எரிக்கிறதுதான்யா எங்க வழக்கம்."

"அவர் ஞானஸ்நானம் வாங்கினவருங்க. இனி அவர் வழி வேற."

உள்ளே இருந்த தங்கமணி அதைக் கேட்டுவிட்டாள். அவிழ்ந்த தலைமுடியோடு வாசலுக்கு வந்து நின்றாள்.

"யாரு சொன்னா? எம்புள்ள முங்கல. நான் போறவரைக்கும் முங்க மாட்டேன்னு என் கையில அடிச்சுச் சொன்னான். வாக்குத் தவறுறவன் இல்ல அவன்."

சபையார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெற்ற வயிறு, எதையாவது சொல்லிப் பிணத்தை வாங்கப் பார்க்கிறது என்ற இரக்கம்தான் அந்த முகங்களில் இருந்தது. லாவண்யா உள்ளேயிருந்து சொன்னாள், "அத்தை, சென்னையில எடுத்துட்டேன்னு அவரே என்கிட்ட சொன்னாரு. எங்கம்மா உயிரோட இருந்தா அவங்களும் சொல்லுவாங்க."

"அப்ப நான் பொய் சொல்லுதேனா?" என்றாள் தங்கமணி.

ஜீவரத்தினம் மேகலா பக்கம் திரும்பினார்.

"சிஸ்டர், இப்ப சபைப் பொறுப்புல இருக்கிறது நீங்க. நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

எல்லாக் கண்களும் அவள் மேல் விழுந்தன. உண்மையைச் சொன்னால், கட்டின புருஷன் ஏமாற்றியதை ஊர் நடுவில் லாவண்யா கேட்க வேண்டும். பேசாமல் இருந்தால், பிள்ளையைப் பறிகொடுத்தவள் பொய்க்காரி ஆவாள். இதற்கு நடுவில் வெட்கமே இல்லாமல் இன்னொரு நினைப்பும் வந்தது: ஜீவரத்தினம் எழுதப்போகும் மதிப்பீடு.

"பாஸ்டர்கிட்டதான் கேக்கணும் ஐயா," என்றாள்.

சொன்ன கணமே தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை. தங்கமணி அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். இந்தப் பெண்ணும் அப்படித்தானா என்கிற சலிப்புதான் அதில் இருந்தது.

சந்தின் கோடியில் தண்ணீர்த் தொட்டி இருந்தது. மேகலா அதன் பின்னால் போய் நின்றாள். அதற்குள் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவர்.

"குழி வெட்ட ஆள் நிக்குதுங்க. ஞானஸ்நானம் ஆனவருதானே? சபைப் பொறுப்புல இருக்கிறவங்க வாயால சொன்னாத்தான் இங்க வெட்டுவோம், அது எங்க கமிட்டி விதி. ஜீவரத்தினம் ஐயா உங்க நம்பரைக் குடுத்தாரு."

'ஆமாம்' என்ற ஒரு சொல்தான். அதைச் சொன்னால் எல்லாம் முடிந்துவிடும்.

"கொஞ்ச நேரம் குடுங்கண்ணா. நானே கூப்பிடறேன்."

வைத்துவிட்டுக் கல்லூரிக்கு அடித்தாள். சபை மக்களைக் கவனிக்கும் மேய்ப்புப் பணி பாடம் நடத்தும் ருக்மணி மேடம் எடுத்தார். மேகலா கோர்வையில்லாமல் கொட்டினாள். மறுமுனையில் வகுப்பு மணி அடிப்பது கேட்டது.

"செத்தவங்க சொன்ன ரகசியமும் ரகசியந்தான், அப்படித்தான் நான் சொல்லிக் குடுத்திருக்கேன்," என்றார் ருக்மணி. "ஆனா அங்க ஒரு அம்மா நின்னு உண்மையைச் சொல்றாங்க. நான் உன் இடத்துல இருந்தா என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியலம்மா. பொய் மட்டும் சொல்லிடாத. பொய் சொல்லிட்டா அப்புறம் எங்க போய் நின்னு ஜெபம் பண்ணுவ?"

"அந்தப் பொண்ணுகிட்ட மட்டும் சொல்லலாமா மேடம்?"

"அவ உடைஞ்சு போயிடுவா. தெரிஞ்சுதானே கேக்கற?"

"தெரியும்."

"அப்ப யோசிச்சுச் செய். எதுக்கும் என்கிட்ட கேட்டுட்டுத்தான் செஞ்சேன்னு சொல்லிக்கோ."

அந்தக் கடைசி வார்த்தைக்காக மேகலா பிற்பாடு அவரை நன்றியோடு நினைத்துக்கொண்டதுண்டு. அப்போது எதுவும் தோன்றவில்லை. தன் அம்மா வெள்ளையம்மாதான் ஞாபகத்துக்கு வந்தாள். மேகலா ஞானஸ்நானம் எடுத்த செய்தியை ஊரில் சொன்ன அன்று, வெள்ளையம்மா திட்டவுமில்லை, அழவுமில்லை. பீர்க்கங்காயைச் சீவிக்கொண்டே, "அப்ப நான் செத்தா நீ யாரோ மாதிரி தூரத்துல நிப்பியா?" என்று கேட்டாள்.

அவள் வீட்டுக்குள் போனாள். லாவண்யாவிடம், "கொஞ்சம் உள்ள வாங்க" என்றாள். சமையலறை என்று பேர், இரண்டு பேர் நின்றால் மூச்சு முட்டும். கதவைச் சாத்தினாள். முன்தினம் வைத்த சாம்பார் பாத்திரத்தில் அப்படியே இருந்தது.

"லாவண்யா, உங்க அத்தை சொல்றது நிஜம்."

லாவண்யாவுக்கு முதலில் புரியவில்லை. மேகலா வேப்பமரத்தடியில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். அலங்கரிக்கவும் இல்லை, குறைக்கவும் இல்லை. சொல்லி முடிக்கும்வரை லாவண்யா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப சொன்னாரு?"

"மழைக்காலம் ஆரம்பிக்கறப்ப."

"இத்தனை மாசமா உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை என் கையைப் பிடிச்சு நல்லா இருக்கீங்களான்னு கேட்டீங்களே சிஸ்டர். அப்பல்லாம் உங்களுக்குத் தெரியும்."

மேகலா தலையைக் குனிந்துகொண்டாள்.

"பொய் சொன்னது கூடப் பரவாயில்ல," என்றாள் லாவண்யா. குரல் உயரவில்லை. "கல்யாணத்துக்காகச் சொன்னாரு, போகட்டும். உங்ககிட்ட சொல்லத் தெரிஞ்சவருக்கு என்கிட்ட சொல்லத் தெரியலையே. நான் என்ன பண்ணிடுவேன்னு நெனச்சாரு? விட்டுட்டுப் போயிடுவேன்னா?"

"எனக்குத் தெரியல லாவண்யா."

"நீங்க இப்ப ஏன் சொன்னீங்க?"

"அவங்க அம்மா பொய் சொல்றதா எல்லாரும் நெனைக்கிறாங்க. நான் வாயை மூடிட்டிருந்தேன். இன்னும் மூடிட்டிருந்தா நானும் பொய் சொன்ன மாதிரிதான். ஆனா வெளிய நான் எதுவும் சொல்லப்போறதில்ல. என்ன செய்யறதுன்னு நீங்கதான் சொல்லணும். நீங்க அடக்கம்னு சொன்னா, கல்லறைத் தோட்டத்துக்கு நான் பொய் சொல்ல மாட்டேன், பாஸ்டர் வர்றவரைக்கும் காத்திருக்கலாம். வேற மாதிரி சொன்னா, அது உங்க இஷ்டம்."

லாவண்யா அடுப்பு மேடையில் கையூன்றி நின்றாள். சாம்பார் பாத்திரத்தின் மூடியை எடுத்தாள், மறுபடி மூடினாள். வெளியே ஜீவரத்தினம் கதவைத் தட்டி, "சிஸ்டர், நேரமாவுது" என்றார். இரண்டு பேரும் அசையவில்லை. கடைசியில் லாவண்யா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

நேரே போய்த் தங்கமணியின் முன்னால் உட்கார்ந்தாள்.

"அத்தை, நீங்க சொன்னதுதான் சரி. எனக்குத்தான் தெரியாம போச்சு. அவரை ஊருக்குக் கொண்டு போங்க."

அறையில் சலசலப்பு எழுந்தது. ஜீவரத்தினம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தங்கமணி மருமகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "நீயும் வாத்தா. நீ இல்லாம நான் அவனை எப்படிக் கொண்டுபோவேன்" என்றாள். அப்போதுதான் லாவண்யா வாய்விட்டு அழுதாள்.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது மேகலா உதவப் போனாள். லாவண்யா நின்று, "நீங்க வர வேணாம் சிஸ்டர்" என்றாள். வண்டி சந்தைத் தாண்டி, சர்வீஸ் ரோட்டில் திரும்பி மறைந்தது. பாடிக்கொண்டிருந்த பெண்கள் பாதிப் பாட்டோடு எழுந்து போனார்கள். மேகலா கல்லறைத் தோட்டத்துக்கு அடித்து, குழி வேண்டாம் என்றாள்.

ஜீவரத்தினம் கத்தவில்லை. நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்த மேகலாவின் பக்கத்தில் வந்து நின்றார்.

"அந்தப் பொண்ணுகிட்ட கதவைச் சாத்திக்கிட்டு என்ன சொன்னீங்க?"

"அதை நான் சொல்லக் கூடாதுங்க ஐயா."

"எங்க சபைக்காரர் ஒருத்தரை எங்க கண்ணு முன்னாடியே எரிக்கக் குடுத்துட்டீங்க. நாளைக்கு யாராவது செத்தா எந்த முகத்தை வெச்சுக்கிட்டு நான் போய் நிப்பேன்? எழுத வேண்டியதை நான் எழுதித்தான் ஆவணும்."

அவரும் அழுதிருந்தார் என்பதை மேகலா அப்போதுதான் கவனித்தாள். மோகன்குமாரைக் கம்பெனியில் சேர்த்துவிட்டதே அவர்தான்.

அவர் எழுதினார். கல்லூரியில் மேகலாவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். நீளமான மேசை, எதிரே ஆசிரியர்கள். சமையலறையில் என்ன பேசினாய் என்று கேட்டபோது, அதைச் சொல்ல லாவண்யா அனுமதி கொடுக்கவில்லை என்றாள். தன்னிடம் கேட்டுவிட்டுத்தான் மேகலா செய்தாள் என்றார் ருக்மணி மேடம். ஷில்லாங்கிலிருந்து திரும்பியிருந்த போதகர், தான் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று தெரியவில்லை என்று மட்டும் சொன்னார். முடிவில், அவளை நீக்கவும் இல்லை, தேர்ச்சி கொடுக்கவும் இல்லை. வேறொரு சபையில் களப்பயிற்சியை முதலிலிருந்து செய்ய வேண்டும் என்றார்கள். கூடப் படித்தவர்கள் பட்டமளிப்பு விழாவுக்கு அங்கி அளவு கொடுத்துக்கொண்டிருந்த வாரத்தில், அவள் பெட்டியோடு புதுச் சபை கிடைத்த கிருஷ்ணகிரிக்குப் பஸ் ஏறினாள்.

அங்கே அவளுக்குத் தூக்கம் கெட்டது. செய்தது சரிதானா என்று யாராவது கேட்டால் ஆமாம் என்று சொல்லியிருப்பாள். லாவண்யா கேட்டால் என்ன சொல்வது என்பதுதான் தெரியவில்லை. போன் செய்ய நினைத்து, எண்ணை எடுத்து, வைத்துவிடுவாள்.

மார்கழியில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, கடைசி பெஞ்சில் ஒருத்தி எழாமல் உட்கார்ந்திருந்தாள். கிட்டே போன பிறகுதான் அது லாவண்யா என்று தெரிந்தது. இளைத்திருந்தாள். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையின் கயிறு.

"நைட் ஷிப்ட் முடிச்சிட்டு அப்படியே வந்துட்டேன்," என்றாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு மரத்தடியில அவர் வேற ஏதாவது சொன்னாரா? என்னைப் பத்தி."

மேகலா பக்கத்தில் உட்கார்ந்தாள். உன்னைத்தான் எப்போதும் நினைத்துக்கொண்டிருந்தார், சீக்கிரம் உன்னிடம் சொல்லத்தான் போகிறேன் என்றார் என்று சொல்லிவிட்டால் போதும். இந்தப் பெண் அதைக் கட்டிக்கொண்டு நிம்மதியாகத் தூங்குவாள். பொய் என்று யாராலும் சொல்லவும் முடியாது. சொற்கள் நுனிநாக்கு வரை வந்தன.

"இல்ல லாவண்யா. சொல்லணும் சொல்லணும்னு ரெண்டு தடவை சொன்னாரு. அவ்வளவுதான். அதுக்கு மேல எனக்கு எதுவும் தெரியாது."

லாவண்யா மேடையைப் பார்த்தபடி இருந்தாள். மறுபடியும் அவளைக் காயப்படுத்திவிட்டோம் என்று மேகலா நினைத்தாள். எழுந்து போய்விடுவாள் என்று காத்திருந்தாள். லாவண்யா எழவில்லை.

"சொல்லணும்னு நெனச்சிருக்காரு இல்ல," என்றாள். கேள்வியா இல்லையா என்று தெரியாத குரல். பிறகு, "அத்தை பொங்கலுக்குக் கூப்பிட்டிருக்காங்க. போலாமா வேணாமான்னு இருக்குது" என்றாள்.

"உங்களுக்குப் போகணும்னு இருக்கா?"

"அங்க போனா அவரைப் பத்திப் பேசிக்கிட்டே இருப்பாங்க. சின்ன வயசுல கிணத்துல குதிச்சது, ஸ்கூலுக்கு மட்டம் போட்டதுன்னு. இங்க யாரு இருக்கா அதையெல்லாம் பேச?"

மேகலா அவளை ரவுண்டானா பஸ் நிறுத்தம் வரை கொண்டுபோய் விட்டாள். ஓசூர் பஸ் கூட்டத்தோடு வந்தது. படியில் கால் வைத்த லாவண்யா திரும்பி, "போயிட்டு வந்து சொல்றேன் சிஸ்டர்" என்றாள்.